குச்சிக்கிழங்கு விலை ஏன் மில் வாசலில் முடிவாகிறது

தை பிறந்துவிட்டால் ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து டீக்கடைகளில் காதில் விழும் முதல் கேள்வி, "பாயிண்ட் எவ்வளவு நின்னுச்சு?" என்பதுதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். குச்சிக்கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று, அதிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் எடுக்கும் சேகோ மில்லில் அளந்து சொல்லும் எண்தான் பாயிண்ட். (மரவள்ளி என்று சொல்லும் ஊர்க்காரர்களும் மரச்சீனி என்று சொல்லும் கன்னியாகுமரிக்காரர்களும் நான் அதே கிழங்கைத்தான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) டன்னுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினாலும் அடியில் ஓடும் கணக்கு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்பதுதான். ஒரு குடும்பம் பத்து மாதம் தோட்டத்தில் செய்த வேலை கடைசியில் ஒரு தராசில் ஒரு எண்ணாக மாறிவிடுகிறது. அந்த எண்ணைச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது, ஏன் அவரிடம் இருக்கிறது என்பதைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அளக்கும் முறையில் மர்மம் எதுவும் இல்லை. லோடிலிருந்து சில கிலோ கிழங்கை எடுத்து, மண் போகக் கழுவி, முதலில் சாதாரணமாக எடை போடுவார்கள். அப்புறம் அதே கிழங்கைக் கூடையோடு தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கவைத்து இன்னொரு எடை. மாவு தண்ணீரைவிடக் கனமானது, அதனால் மாவு நிறைந்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் கொஞ்சம் எடை காட்டும், மாவு குறைந்த கிழங்கு கிட்டத்தட்ட மிதக்கப் பார்க்கும். அந்த எடையைப் பாயிண்டாக மாற்றும் கணக்கு உலகம் முழுக்க இருப்பதுதான். விஞ்ஞானத்தில் குறை இல்லை. எந்தக் கிழங்கை எடுக்கிறார்கள், எப்போது எடுக்கிறார்கள், எடுப்பவர் யாருடைய சம்பளத்தில் இருக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சித்தப்பாவின் லோடோடு ஒரு தடவை நானும் மில்லுக்குப் போயிருந்தேன். எந்த மில் என்பது இங்கே வேண்டாம். காலையில் போய் நின்ற லாரி, எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை, சாம்பிள் எடுக்க ஆள் வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அவர் லோடின் மேலாகவே நாலைந்து கொத்து எடுத்தார். அதில் காம்புப் பகுதி அதிகம், விரல் பருமனில் பிஞ்சும் கலந்திருந்தது. தொட்டியில் போட்டுப் பார்த்துவிட்டு 25 என்றார். சித்தப்பா எதிர்பார்த்தது 28. "ஏங்க, நடுவுல இருந்து எடுத்து இன்னொருக்கா போட்டுப் பாருங்க" என்று கேட்டார். "போடலாங்க. வரிசை இருக்குதுங்களே, சாயங்காலம் ஆயிரும். தோதுப்படலைன்னா வேற மில்லுக்கு ஓட்டிக்கிட்டுப் போங்க" என்று பதில் வந்தது. அதட்டலாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். சித்தப்பா லாரியைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், "சரி, எறக்கிருங்க" என்றார். மண் கழிவு, காம்புக் கழிவு என்று எடையில் பிடித்தது அதற்கு மேல்.

மூன்று பாயிண்ட் என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். 28-க்கு 3 குறைந்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வருமானம் போகிறது. ஆள்கூலி, லாரி வாடகை, உரக்கடை பாக்கி எல்லாம் அப்படியே நிற்கும்போது இந்தப் பத்தில் ஒரு பங்குதான் பெரும்பாலும் அந்த வருஷத்தின் லாபமே.

ஏன் அவர் வேறு மில்லுக்கு ஓட்டிக்கொண்டு போகவில்லை என்று ஊருக்கு வெளியே இருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். வெங்காயமோ மஞ்சளோ என்றால் போயிருப்பார், இல்லை வீட்டுக்கே திருப்பிக்கொண்டு வந்து பட்டறை போட்டு வைத்திருப்பார். குச்சிக்கிழங்கில் அது நடக்காது. மண்ணைவிட்டு வெளியே வந்த நிமிஷத்திலிருந்து கிழங்கு கெட ஆரம்பிக்கிறது. பிடுங்கி இரண்டு நாள் ஆன கிழங்கைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள், வெள்ளைச் சதைக்குள் நீலமும் கறுப்புமாகக் கோடு கோடாக ஓடியிருக்கும். மூன்றாம் நாள் அது இன்னும் பரவும், மாவும் நிறமும் போய்விடும். பிடுங்கும்போது பட்ட காயத்தை ஆற்றிக்கொள்ள கிழங்கு எடுக்கும் முயற்சியே அதைக் கெடுக்கிறது என்கிறார்கள் ஆராய்ச்சி செய்பவர்கள். எப்படியோ, வாங்குபவருக்கு அது தெரியும், விற்பவருக்கும் தெரியும், இவருக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். விலைப் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் மண்ணுக்குள் இருக்கும்வரை இதைவிடப் பொறுமையான பயிர் கிடையாது. ஒரு சாண் நீளத்துக்குக் குச்சியை வெட்டி, எட்டுப் பத்து கணு இருக்கும்படி பார்த்து, மூன்றடிக்கு மூன்றடி நட்டுவிட்டால் அது பாட்டுக்கு வரும். தண்ணீர் குறைந்தால் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும், மழை வந்தால் துளிர்க்கும். கொல்லிமலையில் மானாவாரியாகவே வருகிறது. அறுப்புக்கு இந்த நாள்தான் என்று கட்டாயம் இல்லை, எட்டு மாதத்திலும் எடுக்கலாம், பத்திலும் எடுக்கலாம், விலை சரியில்லை என்றால் பன்னிரண்டு வரைக்கும்கூட விட்டுவைக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. மழை பெய்து புதுத்துளிர் விட்டதும் செடி கிழங்கில் சேர்த்துவைத்த மாவை எடுத்துத் தின்ன ஆரம்பித்துவிடும், பாயிண்ட் இறங்கும். நாள் ஆக ஆக நாரும் ஏறும். குத்தகைக்காரருக்கு அந்த நேரமும் கிடையாது, அடுத்த பயிருக்கு நிலத்தைக் காலி செய்யவேண்டும், கொடுத்த கடனுக்கு ஆள் வந்து நிற்பார். அதனால் எல்லோரும் மாவு ஏறியிருக்கும் அதே சில மாதங்களில் பிடுங்குகிறார்கள், எல்லா லாரியும் ஒரே சமயத்தில் மில் வாசலில் நிற்கிறது.

இந்தக் கிழங்கு இங்கே வந்த கதை எனக்குப் பிடித்த கதை. தென் அமெரிக்காவில் பிறந்து போர்ச்சுகீசியர் கப்பலில் கேரளத்துக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது, திருவிதாங்கூரின் ஏழை வீடுகளில் உலை வைக்க, அங்கே கப்பை என்று சொல்லும் இந்தக் கிழங்குதான் இருந்தது. இன்றைக்கு மீன்குழம்போடு ஹோட்டலில் ருசியாகச் சாப்பிடும் அந்தக் கப்பை ஒரு தலைமுறையை உயிரோடு வைத்த சாப்பாடு.

அதே யுத்தம்தான் சேலத்துக்கு மில்லைக் கொடுத்தது. அதுவரை இந்தியாவில் சாப்பிட்ட ஜவ்வரிசி மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது, அங்கே அதை ஒரு வகைப் பனைமரத்தின் சோற்றிலிருந்து எடுப்பார்கள். அந்தக் கடல்வழி அடைபட்டபோது, சேலத்தில் கருவாட்டு வியாபாரம் செய்துகொண்டு கேரளத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த மாணிக்கம் செட்டியார், மலேயா பக்கம் இருந்து திரும்பி வந்த போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். ஷாவுக்கு ஜவ்வரிசி செய்யும் முறை தெரியும், செட்டியாருக்குக் கிழங்கு எங்கே கிடைக்கும் என்று தெரியும். 1943 வாக்கில் கைத்தொழிலாக ஆரம்பித்தார்கள். பஞ்ச காலத்துக்கு வந்த ஒரு கிழங்கும் யுத்த காலத்துக்கு வந்த ஒரு யோசனையும் சேர்ந்து சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டத்துக்கான தொழிலாகிவிட்டது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மில்லுக்குள் நடப்பதைப் பார்க்காதவர்கள் ஒருமுறையாவது பார்க்கவேண்டும். கிழங்கின் மேல்தோலை முன்பெல்லாம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கத்தியால் உரிப்பார்கள், இப்போது பல இடங்களில் மெஷின். கழுவி, அரைத்து, சல்லடையில் பாலைப் பிரித்துத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் கெட்டியாகப் படியும். மேல் தண்ணீரை வடித்துவிட்டுப் பாளம் பாளமாக வெட்டி எடுப்பது ஈரமாவு. அதை உடைத்து, தொங்கவிட்ட துணியில் போட்டுத் தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்ட ஆட்ட மாவு உருண்டு உருண்டு மணியாகும். எனக்கு அந்த இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கத் தோன்றும், தூளாகப் போன மாவு கண்ணெதிரே முத்தாகத் திரளும். சல்லடையில் மணியைப் பிரித்து, எண்ணெய் தடவிய சட்டியில் வறுத்தால் சாதா ஜவ்வரிசி, ஆவியில் வேகவைத்தால் நைலான் ஜவ்வரிசி. அப்புறம் சிமெண்ட் களத்தில் வெயிலில் காயும். ஆத்தூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது வெள்ளை வெளேரென்று கண் கூசும் களங்கள் தெரியுமே, அவைதான்.

பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதைக் காயவைத்து மாட்டுத்தீவனத்துக்கு விற்பார்கள், அதில்கூட இன்னும் நிறைய மாவு இருக்கும். கழிவுநீர்தான் ரொம்ப காலம் பெரிய தலைவலியாக இருந்தது. கிழங்கில் இயற்கையாகவே இருக்கும் சயனைடு அந்தத் தண்ணீரில் இறங்கும், அது புளித்தால் ஊரே நாறும், அதைக் குடித்த மாடு பிழைக்காது. இன்றைக்குப் பல மில்களில் அந்தக் கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டு வாயு எடுத்து, அதே வாயுவில் மின்சாரம் தயாரித்து மெஷினை ஓட்டுகிறார்கள். உண்மையிலேயே பாராட்டவேண்டிய மாற்றம். ஆனாலும் வாடை இன்னும் போகாத ஊர்கள் இருக்கின்றன, அங்கே கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் நல்ல பதில் வராது.

இவ்வளவு செய்யும் ஜவ்வரிசியில் நாம் சாப்பிடுவது ரொம்பக் கொஞ்சம். பாயசம், வடாம், சேலத்து ஜவ்வரிசி அப்பளம், அவ்வளவுதான். பெரும்பகுதி லாரியில் மகாராஷ்டிராவுக்கும் குஜராத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் மேற்கு வங்கத்துக்கும் போகிறது. அங்கே ஏகாதசி, நவராத்திரி, சிராவண மாத விரதங்களில் தானியம் சாப்பிடாதவர்கள் சாபுதானா கிச்சடி சாப்பிடுவார்கள். வேர்க்கடலை பொடித்துப் போட்டு, உருளைக்கிழங்கு, பச்சைமிளகாய், சீரகம் தாளித்துச் செய்வது. புனேயில் ஒரு வீட்டில் விரதம் இருப்பதற்கும் தலைவாசலில் ஒரு தோட்டத்தில் கூலி கொடுப்பதற்கும் நேரடியாகச் சம்பந்தம் இருக்கிறது, வடக்கே பண்டிகை நெருங்க நெருங்க இங்கே ஜவ்வரிசி மூட்டைக்கு விலை அசையும். ஜவ்வரிசி ஆக்காத மாவு ஸ்டார்ச்சாகப் போகிறது. பாவுநூலுக்குக் கஞ்சி போட, காகிதத்துக்கு வழவழப்பு ஏற்ற, அட்டைப்பெட்டி ஒட்ட, மாத்திரையைக் கெட்டியாகப் பிடித்துவைக்க என்று நம் கை படும் பாதிப் பொருளில் அது இருக்கிறது.

இனி சேகோசர்வ் பற்றி. என் வாதமே இதில்தான் இருக்கிறது.

1970-களில் மில்காரர்களின் நிலைமை இன்றைய விவசாயியின் நிலைமையைப் போலத்தான் இருந்தது. சின்னச் சின்ன மில், கையில் காசு இல்லை, சரக்கை வைத்துக்கொள்ளக் கிடங்கு இல்லை, கமிஷன் மண்டிக்காரர் சொன்னதுதான் விலை. கிழங்குக்காரருக்குப் பணம் கொடுக்கவேண்டும், கூலி கொடுக்கவேண்டும், அதனால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். இதை மாற்றத்தான் 1981-இல் அவர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள், அதுதான் சேகோசர்வ். மில்காரர் தன் மூட்டையைச் சங்கத்தின் கிடங்கில் கொண்டுவந்து அடுக்கலாம். அடுக்கிய சரக்கின்மேல் முன்பணம் வாங்கிக்கொள்ளலாம். சரக்கைச் சோதித்து, ரகசிய டெண்டரில் வியாபாரிகள் விலை போடுவார்கள், விலை பிடிக்காவிட்டால் மில்காரர் விற்காமல் காத்திருக்கலாம். முந்நூறுக்கு மேற்பட்ட மில்கள் அதில் உறுப்பினர்.

இதில் என்ன பெரிய விஷயம் என்றால், அந்தச் சங்கம் மில்காரருக்குக் கொடுத்தது முக்கியமாக நேரத்தைத்தான். இன்றைக்கே விற்றாகவேண்டும் என்ற நெருக்கடியை அது எடுத்தது. நன்றாகக் காய்ந்த ஜவ்வரிசி மாதக்கணக்கில் கெடாது என்பதால் அது முடிந்தது. ஆக இந்தத் தொழிலின் ஒரு முனையில் காத்திருக்கத் தெம்பு இருக்கிறது, இன்னொரு முனையில் இரண்டு நாள் ஆயுள் உள்ள கிழங்கோடு ஒருவர் வரிசையில் நிற்கிறார். 1981-இல் மில்காரருக்குச் செய்ததை விவசாயிக்கு இன்னும் யாரும் செய்யவில்லை. டன் பத்தாயிரத்தைத் தாண்டிய வருஷமும் உண்டு, அதில் பாதிக்கு இறங்கிய வருஷமும் உண்டு. ஏறும்போது எல்லோரும் குச்சி நடுகிறார்கள், அது விளைந்து வரும்போது விலை இறங்கியிருக்கிறது, இறங்கிய விலையின் அடி முழுக்க முதலில் விழுவது காத்திருக்க முடியாதவர் மேல்.

மில்காரர்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களுக்கும் நியாயமான கஷ்டம் இருக்கிறது. மக்காச்சோள ஸ்டார்ச் பெரிய பெரிய ஆலைகளில் தயாராகி மலிவாக வருகிறது, நெசவிலும் காகிதத்திலும் கிழங்கு ஸ்டார்ச்சின் இடத்தை அது பிடித்துக்கொண்டே போகிறது. அதைவிட மோசம், சிலர் அந்த மக்காச்சோள மாவையே ஜவ்வரிசியில் கலக்கிறார்கள், வெள்ளை வெளேரென்று இருக்க ரசாயனமும் போடுகிறார்கள், உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது சோதனை போட்டுப் பிடித்தபடிதான் இருக்கிறது. கலப்பவர் ஒவ்வொரு மூட்டையிலும் கிழங்குக்கு இருந்த தேவையைக் குறைக்கிறார், நேர்மையாகச் செய்யும் பக்கத்து மில்லையும் விலையில் தோற்கடிக்கிறார். வாங்குகிறவர்களும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். கிழங்கு மாவின் இயல்பான நிறம் லேசாகப் பழுப்பு கலந்த வெள்ளைதான். பளீர் வெள்ளைதான் வேண்டும் என்று கடையில் கேட்கும்வரை யாராவது ஒருவர் ரசாயனம் போட்டுக்கொண்டுதான் இருப்பார்.

பயிருக்கே ஆபத்து வந்த காலமும் உண்டு. 2020-இல் திருச்சூர் பக்கம் புதுவகை மாவுப்பூச்சி தென்பட்டது, கொஞ்ச நாளில் எங்கள் பக்கமும் வந்துவிட்டது. செடியின் நுனி முழுக்க வெள்ளை அப்பி, இலை சுருண்டு முடிச்சு முடிச்சாகி, வளர்ச்சி நின்றுவிடும். மருந்தடித்தால் மெழுகுப் பூச்சுக்குள் இருக்கும் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது, பணம்தான் போகும். அப்போது தோட்டத்தில் நின்று பார்த்தால் வயிறு கலங்கும்.

ஆனால் இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோரின் சாப்பாட்டில் கைவைத்தது. அங்கே ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் விஞ்ஞானியின் குழு, இந்தப் பூச்சியின் சொந்த ஊரான தென் அமெரிக்காவிலேயே தேடி, பராகுவேயில் ஒரு சின்னக் குளவியைக் கண்டுபிடித்தது. பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணி. 1981-இல் நைஜீரியாவில் விட ஆரம்பித்து, ஒவ்வொரு நாடாகப் பரப்பி, மாவுப்பூச்சியைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவியைத்தான் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் வரவழைத்து, சோதித்து, பெருக்கி, 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விவசாயிகளுக்குக் கொடுத்தது. ஒரு குப்பியில் வாங்கிவந்து திறந்துவிட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். பராகுவேயில் பிடித்தது, நைஜீரியாவில் வேலை செய்தது, சேலத்துத் தோட்டத்தைக் காப்பாற்ற வந்தது. யாரும் இதற்கு உரிமைத்தொகை கேட்கவில்லை. பொதுப் பணத்தில் பொது நிறுவனங்கள் செய்த வேலை. இலையில் மஞ்சள் திட்டு விழும் தேமல் நோய்க்கும் இதே மாதிரி உழைப்புதான் நடக்கிறது, திருவனந்தபுரத்தில் 1963-இல் ஆரம்பித்த மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தேமலைத் தாங்கும் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் பழைய குச்சியையே வெட்டி நடும் பழக்கத்தில் நோயும் குச்சியோடு சேர்ந்தே பயணம் போகிறது. சுத்தமான நடவுக்குச்சி ஊர் அளவில் கிடைத்தால் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

விளைவிப்பதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. உலக சராசரி ஹெக்டேருக்குப் பத்து டன் சொச்சம், தமிழ்நாட்டில் முப்பது டன்னுக்கு மேல். நம் குறை விளைச்சலில் இல்லை, பிடுங்கிய பிறகுதான்.

இதற்கு வழி இருக்கிறதா என்றால், மற்ற ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வழிகள் இருக்கின்றன. நைஜீரியாதான் உலகத்திலேயே அதிகமாக இந்தக் கிழங்கை விளைவிக்கும் நாடு, மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே. ஹெக்டேர் விளைச்சல் நம்மைவிட ரொம்பக் குறைவு. ஆனால் அங்கே கிராமத்துப் பெண்கள் கிழங்கைத் துருவி, சாக்கில் கட்டி, மேலே கனம் ஏற்றிப் பிழிந்து, புளிக்கவிட்டு, அகலச் சட்டியில் வறுத்துக் காரி என்ற ரவை மாதிரியான பொருளாக ஆக்கிவிடுகிறார்கள். அது மாதக்கணக்கில் கெடாது, சந்தையில் என்றைக்கு வேண்டுமானாலும் விற்கலாம். விவசாயம் செய்யும் குடும்பத்தின் கையிலேயே கிழங்கு காத்திருக்கும் பொருளாக மாறிவிடுகிறது. தாய்லாந்தில் கிழங்கைச் சீவி சிமெண்ட் களத்தில் காயவைத்துச் சிப்ஸாக்கும் களங்கள் ஊருக்கு ஊர் உண்டு, அப்படிச் சேர்த்துத்தான் முதலில் ஐரோப்பாவின் மாட்டுத்தீவனச் சந்தையையும் பிறகு சீனச் சந்தையையும் பிடித்தார்கள். மில்லுக்கு விற்கப் பிடிக்கவில்லை என்றால் களத்துக்கு ஓட்டலாம் என்ற இன்னொரு வாசல் அங்கே இருக்கிறது. ரொம்பத் தூரம் போகவேண்டாம், கேரளத்தில் வெயில் காலத்தில் அக்கம்பக்கத்தார் கூடிக் கப்பையை நறுக்கி அரைவேக்காடாக வேகவைத்துப் பாறையில் காயப்போட்டு வாட்டுகப்பை செய்துவைப்பார்கள். ஒரு வருஷம் வரைக்கும் இருக்கும்.

நம் மில் ரகங்களில் கசப்பு, அதாவது அந்தச் சயனைடு, அதிகம் உள்ளவை இருப்பதால் கேரளத்து முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, அது சரி. ஆனால் சீவிக் காயவைத்த சிப்ஸ் ஸ்டார்ச்சுக்கும் தீவனத்துக்கும் எரிசாராயத்துக்கும் போகும். 2018-இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை எத்தனால் தயாரிக்கும் மூலப்பொருள்களில் மரவள்ளியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்குக் கரும்பும் மக்காச்சோளமும் அரிசியும் போகின்றன, தண்ணீர் குறைவாகக் கேட்கும் இந்தக் கிழங்கு அந்த வரிசையில் பின்னாலேயே நிற்கிறது. சேலம், நாமக்கல் பக்கம் களத்துக்கா பஞ்சம்? வெயிலுக்கா பஞ்சம்? நாலைந்து ஊர் விவசாயிகள் சேர்ந்த உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றுக்கு ஒரு சீவும் மெஷினும் ஒரு களமும் ஒரு கிடங்கும், கிடங்குச் சரக்கின்மேல் வங்கி முன்பணமும் இருந்தால், அந்த ஊர் லாரி எல்லாம் சிப்ஸாக வேண்டியதில்லை. பத்தில் இரண்டு லாரி களத்துக்குத் திரும்பக்கூடும் என்று மில்லுக்குத் தெரிந்தாலே மீதி எட்டுக்கும் பேச்சு மாறும்.

இன்னொன்று இதைவிடச் சுலபம், பாயிண்ட் அளக்கும் தராசு. ஒவ்வொரு சீசனிலும் கலெக்டர் அலுவலகத்தில் முத்தரப்புக் கூட்டம் போடுகிறார்கள், விவசாயிகள், மில்காரர்கள், அதிகாரிகள் உட்கார்ந்து விலையைப் பேசுகிறார்கள். விலை எவ்வளவு என்று பேசுவதைவிட யார் அளப்பது என்று பேசினால் இன்னும் பயன் இருக்கும் என்று நினைக்கிறேன். பால் சொசைட்டியில் கொழுப்பு அளப்பது போல, மில்லுக்குச் சம்பந்தமில்லாத ஒரு இடத்தில், லோடின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சாம்பிள் எடுத்து, விவசாயி கண்முன் அளந்து, நேரம் போட்டுச் சீட்டு கொடுக்கவேண்டும். அந்தச் சீட்டு எந்த மில்லிலும் செல்லவேண்டும். ஏத்தாப்பூரில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் இருக்கின்றன, புதிதாகக் கட்டவேண்டியது அதிகம் இல்லை.

அடுத்த கூட்டத்துக்குத் தேதி சொன்னதும் எங்கள் ஊரிலிருந்து சிலர் இந்த இரண்டையும் மனுவாக எழுதிக்கொண்டு போகிறோம், சித்தப்பாவும் வருகிறார். இதைப் படிக்கும் ஆத்தூர், கெங்கவல்லி, ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துக் குச்சிக்கிழங்குக்காரர்கள் உங்கள் கடைசி மூன்று சீசன் மில் சீட்டுகளைத் தேடி எடுத்து வையுங்கள். எந்தத் தேதியில், எந்த ரகத்துக்கு, என்ன பாயிண்ட், எவ்வளவு கழிவு என்று எல்லா ஊர்க் கணக்கையும் ஒன்றாக வைத்துக் காட்டினால்தான் நாம் சொல்வதைக் கேட்பார்கள்.